கரீபியன் தீவுக்கு லீவு போடுவது தேறுமா? வேலூரில் உட்கார்ந்து கணக்குப் போடும் முறை

போன தை மாதம் சத்துவாச்சாரியிலிருந்து என் பெரியம்மா மகள் போன் செய்தார். "மே மாசம் நியூஜெர்சிக்குப் பொண்ணு வீட்டுக்குப் போறோம்ப்பா. அங்கிருந்து ஏதாவது கரீபியன் தீவுக்குப் போலாம்னு மாப்பிள்ளை போட்டோ அனுப்பியிருக்காரு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. போலாமா, வேணாமா, நீதான் போய்ட்டு வந்தவனாச்சே, சொல்லு" என்றார். நான் இரண்டு நாள் டைம் கேட்டேன். அந்தக் கண்ணாடித் தண்ணீர் போட்டோ அங்கே எல்லாத் தீவுக்கும் இருக்கிறது. அதை வைத்து எந்தத் தீவையும் எடுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. அக்காவுக்காக நான் போட்ட கணக்கையும், அதற்கு முன்னால் நானே போய்க் கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். 2024 ஜூன் 29 அன்று பார்படோஸ் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா டி20 உலகக் கோப்பை வாங்கியதிலிருந்து காட்பாடிப் பக்கத்தில் என்னிடம் நாலைந்து பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அந்த மேட்ச் கொடுத்த ஆசையில்தான் நானும் மனைவியும் அடுத்த ஏப்ரலில் பார்படோஸ், டிரினிடாட் இரண்டுக்கும் போய்வந்தோம்.

முதலில் ஒரு தாளை எடுத்து, இந்தத் தீவில் இருந்து நமக்குப் பக்கத்தில் கிடைக்காதது என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். "நல்ல பீச்" என்று எழுதினால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடலாம். தண்ணீர் இல்லாத பாலாற்றையே பார்த்து வளர்ந்த நமக்குக் கடல் என்றாலே மனசு ஓடும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளை மணலும் வெதுவெதுப்பான தெளிந்த கடலும் பவளப்பாறையும்தான் வேண்டும் என்றால், சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அந்தமான் இருக்கிறது, ராதாநகர் கடற்கரை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் செலவழித்தால் மாலத்தீவு இருக்கிறது. பூமியின் மறுபக்கத்துக்குப் போய் அதே மணலில் துண்டு விரிப்பதற்கு லட்சக்கணக்கில் செலவு செய்யாதீர்கள்.

அந்த ஒரு வரி வேறு மாதிரி வர வேண்டும். டொமினிக்கா என்றால், எரிமலைச் சூட்டில் ஏரியே சோறு வடிக்கிற பானை மாதிரி கொதிப்பதைப் பார்க்க நாள் முழுக்க மலை ஏறி இறங்குவேன் என்று வரலாம். ஸ்பெர்ம் திமிங்கலங்கள் அந்தத் தீவை ஒட்டிய ஆழ்கடலில் வருஷம் முழுக்க இருக்கின்றன, அதுவும் ஒரு காரணம். செயின்ட் லூசியா என்றால் கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பி நிற்கும் இரண்டு பித்தோன் மலைகள், பெரியதன் உச்சி 798 மீட்டர். ஒரு டெஸ்ட் மேட்ச் பார்க்க வேண்டும் என்பதும் எனக்குச் சரியான காரணம்தான், அட்டவணை வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். (ஒரு எச்சரிக்கை: டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. புக்கிங் செய்யும்போது பெயரை இரண்டு தடவை படியுங்கள்.)

காரணம் கிடைத்துவிட்டது என்றால் அடுத்து நாள் கணக்கு. சென்னையிலிருந்து கரீபியனுக்கு நேர் விமானம் கிடையாது. லண்டன் வழியாகப் போனால் சென்னை-லண்டன் பத்தரை, பதினொரு மணி நேரம், லண்டன்-பார்படோஸ் எட்டரை, ஒன்பது மணி நேரம். காட்பாடியிலிருந்து மீனம்பாக்கம் போவது, மூன்று மணி நேரம் முன்னால் நிற்பது, நடுவில் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் வீட்டுப் பூட்டைப் பூட்டியதிலிருந்து அங்கே ரூம் கதவைத் திறக்கும்வரை முப்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். போன பிறகு முதல் இரண்டு நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொருகும், விடியற்காலை இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பத்து நாள் லீவு போட்டால் உருப்படியாகக் கிடைப்பது ஐந்து நாள்தான். மொத்தச் செலவைப் பத்தால் வகுக்காமல் அந்த ஐந்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாள் விலை என்னவென்று தெரியும். வேலூரிலிருந்து நேராகக் கிளம்புகிறவர்களுக்கு, பயண நாட்கள் போக அங்கே பத்து நாளாவது இருக்க முடியாவிட்டால் வேண்டாம் என்றே சொல்வேன்.

விசா விஷயம் நம் பக்கம் ஓரளவு சாதகம். பார்படோஸ், டிரினிடாட், ஜமைக்கா, டொமினிக்கா, கிரெனடா எல்லாம் சுற்றுலாவாகப் போகும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களை விசா இல்லாமலே விடுகின்றன (புக்கிங் செய்யும் அன்றைக்கு அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறைப் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள், விதி மாறும்). சிக்கல் தீவில் இல்லை, வழியில் இருக்கிறது. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழியில், கரீபியன் விமானங்களில் பல ஹீத்ரோவை விட்டு கேட்விக்கிலிருந்து கிளம்புகின்றன. ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு ரோட்டில் போக வேண்டும் என்றால் பிரிட்டனுக்குள் நுழைகிறீர்கள் என்று அர்த்தம், அதற்கு விசா தனி. மலிவாக ஒரு டிக்கெட் கண்ணில் பட்டால் விலைக்கு முன்னால் எந்த ஊரில் இறங்கி எந்த நிலையத்தில் ஏறுகிறோம் என்று பாருங்கள். அப்புறம் மார்ட்டினிக், குவாதலூப் இரண்டும் பிரான்சின் பகுதிதான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அந்தத் தீவுக்கென்றே எடுக்க வேண்டும்.

வேலூரில் பாதி வீட்டுக்குப் பொருந்துகிற வழி ஒன்று உண்டு. மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள், பெற்றோர் கையில் அமெரிக்க விசா இருக்கிறது, எப்படியும் சில மாதம் போய்த் தங்கப் போகிறார்கள். அவர்களுக்குக் கரீபியன் பக்கத்து ஊர் மாதிரி. போர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்க வர்ஜின் தீவுகளும் அமெரிக்காவின் பகுதி என்பதால் அந்த விசாவே போதும். நியூஜெர்சியின் நுவார்க்கிலிருந்து சான் வான் நகரத்துக்கு நாலு மணி நேரம், உள்நாட்டு விமானம். பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுத் தீவுக்குப் போவதானால் விசா பலமுறை நுழைவு வகையா என்று பாருங்கள். தீவுக்குப் போய் வந்தால் அமெரிக்காவில் தங்கும் ஆறு மாதம் புதிதாக ஆரம்பிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

இப்போது மாதம். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதில் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம். ஓட்டல் விலை பாதியாகக் குறைந்திருக்கிறது என்று ஆசை காட்டுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். வர்தா வந்தபோது சென்னை பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம், ஆனால் ஒரு சின்னத் தீவில் புயல் அடித்தால் ஓடிப்போய் நிற்க உள்நாடு என்று ஒன்று கிடையாது. 2017இல் மரியா புயல் டொமினிக்காவையே சின்னாபின்னமாக்கியது. 2024 ஜூலை 1 அன்று, பருவம் ஆரம்பித்து ஒரே மாதத்தில், பெரில் கிரெனடாவைச் சேர்ந்த கரியகூ தீவைத் துடைத்துப்போட்டது. டிரினிடாட், டொபாகோ, அருபா, குராசாவ், பொனேர் இவை தெற்கே தள்ளி இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம், வானம் பளிச்சென்று இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். நமக்கு ஏப்ரல் கடைசி நல்ல நேரம்: விலை இறங்க ஆரம்பிக்கும், மழை இன்னும் வந்திருக்காது, இங்கே கத்திரி வெயிலுக்கு முன்னால் கிளம்பினோம் என்ற சந்தோஷமும் இருக்கும்.

தீவின் எந்தப் பக்கம் என்பதை நான் போவதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கே காற்று வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்து அடிக்கிறது. கிழக்குக் கரை அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கும், அலை ஆளைத் தூக்கிப் போடும். மேற்குக் கரை அமைதியான குளம். இது போதாதென்று 2011இலிருந்து சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசி திட்டுத் திட்டாக மிதந்து வந்து ஒதுங்குகிறது, மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அதிகம், அதுவும் கிழக்குப் பக்கம்தான் முதலில் வாங்கும். பார்படோஸில் முதல் மூன்று ராத்திரிக்கு நான் போட்ட ரூம் கிழக்குக் கரையில், விலை குறைவு, ஜன்னலைத் திறந்தால் கடல். திறந்தோம். மணலே தெரியவில்லை, முழங்கால் உயரத்துக்குப் பாசி குவிந்து, அழுகின முட்டை வாசனை திரைச்சீலையில் எல்லாம் ஏறியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் மனைவி காலைக் காட்டினார், வெள்ளிக் கொலுசு கறுத்துப்போயிருந்தது. பாசி அழுகும்போது வருகிற ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியை அப்படித்தான் செய்யும். ஓட்டல்காரர்களின் விளம்பரப் படத்தில் ஒரு இழை பாசி இல்லை. அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனோம், அரை மணி நேரப் பயணம்தான், அங்கே கடல் போட்டோவில் பார்த்த மாதிரியே இருந்தது.

ஆகவே ரூம் போடும் முன் மேப்பைத் திறந்து அந்த பீச் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த இடத்துக்கு மக்கள் போட்ட படங்களைப் புதியது முதலில் வருகிற மாதிரி வரிசைப்படுத்தி, போன மாதப் படங்களையும் போன வருஷம் அதே மாதப் படங்களையும் தேடுங்கள். தண்ணீர் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அந்த ரூம் வேண்டாம். தென் புளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பாசி எங்கே மிதக்கிறது என்று தொடர்ந்து வெளியிடுகிறது, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் அதையும் ஒரு தடவை பார்க்கலாம்.

பணத்தில் மூன்று இடத்தில் கை சுடும். முதலாவது, விலைப் பலகையில் டாலர் குறி மட்டும் இருக்கும், எந்த டாலர் என்று இருக்காது. ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படோஸ் டாலர், கிழக்குக் கரீபியன் டாலர் என்றால் 2.70. டாக்சியில் ஏறும் முன் எந்த டாலர் என்று வாய் திறந்து கேளுங்கள். இரண்டாவது, ரூம் விலைக்கு மேல் வரியும் சர்வீஸ் சார்ஜும் தனியாக ஏறும், கடைசிப் பக்கத்தில் வருகிற தொகைதான் விலை. மூன்றாவது, எல்லாம் சேர்ந்த பேக்கேஜ். அதில் குடிக்கிற சரக்கின் விலையும் அடக்கம். குடிக்காத, சைவம் சாப்பிடுகிற குடும்பம் அதை வாங்கினால் அடுத்தவர் கிளாஸுக்குப் பணம் கட்டின மாதிரிதான். சாப்பாட்டுப் பொருள் பெரும்பாலும் கப்பலில் வருவதால் சூப்பர் மார்க்கெட் விலையே பகீரென்று இருக்கும், ஆனால் அடுப்பு உள்ள ரூமாக எடுத்து, பையில் இரண்டு கிலோ பொன்னி அரிசியும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோனால் ஒரு வேளைச் செலவு மிச்சம் (அரிசி, பருப்பு கொண்டுவரலாமா என்று அந்தத் தீவின் சுங்க விதியைப் பார்த்துக்கொண்டு). பார்படோஸில் கடற்கரை எல்லாமே பொது. அதனால் கடலை ஒட்டி ரூம் எடுக்கத் தேவையில்லை, நாலு தெரு உள்ளே எடுத்து நடந்து போகலாம். ஜமைக்காவில் அப்படியில்லை, பல பீச்கள் ஓட்டல் மதிலுக்குள் இருக்கின்றன அல்லது நுழைவுக் கட்டணம் உண்டு. பார்படோஸ் மொத்தமே 34 கிலோமீட்டர் நீளம், வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற தூரம்கூட இல்லை. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் பஸ் டிக்கெட் 3.50 பார்படோஸ் டாலர்தான். பாட்டை அலறவிட்டுக்கொண்டு மஞ்சள் மினி பஸ்கள் ஓடுகின்றன, நம் தனியார் பஸ்ஸில் ஏறிப் பழகினவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

டிரினிடாட் வேறு கணக்கு. அங்கே பீச்சுக்காகப் போகாதீர்கள், மனிதர்களுக்காகப் போங்கள். 1845 மே 30 அன்று முதல் கப்பல் இந்தியக் கூலிகளை இறக்கிய தீவு அது. வந்தவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள், ஆனால் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு, அவர்கள் வம்சத்தை இன்றும் மெட்ராசி என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்கள் மாரியம்மனைக் கூடவே கொண்டுபோனார்கள். தமிழ் பேச மறந்த வீடுகளில் வீராசாமியும் ராமசாமியும் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயராக நிற்கிறது. இதை நேரில் பார்க்க முப்பது மணி நேரம் உட்கார்ந்து போகலாம் என்பது என் கருத்து, இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

டிரினிடாடில் காலை ஆறரை மணி, ரோட்டோரம் ஒரு மேஜை, குடை, இரண்டு பெரிய ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் ஐஸ் இல்லை, துணி சுற்றின சூடான பாரா. மஞ்சள் போட்டுப் பொரித்த, பூரியைவிட மெத்தென்ற சின்ன ரொட்டி. அந்த அம்மாள் காகிதத்தின் மேல் இரண்டு பாராவை ஒன்றின்மேல் பாதி ஏறின மாதிரி போட்டு, ஒரு கரண்டி கொண்டைக்கடலைக் குழம்பு, அதன்மேல் புளிச்சட்னி, வெள்ளரித் துருவல், எல்லாம் மூன்று விநாடி. பெயர் டபுள்ஸ். "பெப்பர்?" என்று கேட்டார், என் மனைவி நம் ஊர்த் தைரியத்தில் தலையை ஆட்டினார். "ஸ்லைட்" என்று சொல்லுங்கள், கொஞ்சமாகப் போடு என்று அர்த்தம், முதல் தடவை அதுவே போதும். முழுக்கச் சைவம், விலையும் குறைவு, நாங்கள் ஐந்து நாளும் காலையில் அதையே சாப்பிட்டோம்.

ஏப்ரலில் போனதால் இன்னொன்றும் கிடைத்தது. வடகிழக்கு மூலையில் கிராண்ட் ரிவியேர் என்ற கிராமத்துக்கு மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தோல்முதுகு ஆமைகள் முட்டையிட வருகின்றன. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வழிகாட்டி கூட வருவார், சிவப்பு விளக்குதான், போனில் பிளாஷ் கூடாது. பெசன்ட் நகரில் பார்க்கிற பங்குனி ஆமை ஐம்பது கிலோ தேறாது. இது முன்னூறு, நானூறு கிலோ. இருட்டில் மணல்மேடு நகர்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பின்கால் துடுப்பை அகப்பை மாதிரி மடித்து, ஒவ்வொரு பிடி மணலாக எடுத்து ஓரத்தில் வைத்தது, ஒரு தடவைகூட மணல் உள்ளே சரியவில்லை.

டிரினிடாட் போவதானால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். திரும்பி வரும்போது இந்தியாவில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனிமையில் வைக்கலாம். நடுவில் லண்டனில் இறங்கி ஏறினேன் என்பதெல்லாம் செல்லாது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு உண்டு. போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதற்கப்புறம் ஆயுளுக்கும் போதும். வயதானவர்கள், எதிர்ப்புசக்தி குறைவானவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கவனம் தேவை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. டிரினிடாடிலும் ஜமைக்காவிலும் சில பகுதிகளில் துப்பாக்கிக் குற்றம் அதிகம், இருட்டினால் தெரிந்த டிரைவர் இல்லாமல் வெளியே போகாதீர்கள். ஹைத்திக்கு இப்போது போகவே வேண்டாம். ராணுவப் புள்ளி போட்ட துணி பார்படோஸ், டிரினிடாட், ஜமைக்காவில் சட்டப்படி குற்றம், குழந்தையின் தொப்பியாக இருந்தாலும் எடுத்துப் போகாதீர்கள். கடற்கரையில் பச்சை நிறத்தில் சின்ன ஆப்பிள் மாதிரி காய் காய்த்த மரம் இருந்தால் அதன் பெயர் மான்சினீல். காய் விஷம், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழைக்குக்கூட அடியில் ஒதுங்கக் கூடாது.

சரி, அக்காவுக்கு என்ன சொன்னேன்? மாப்பிள்ளை காட்டியது ஆன்டிகுவா. தாளில் எழுதச் சொன்னேன், "பீச்" என்றுதான் வந்தது. மே மாதம் பாசிக் காலம், மாமாவுக்கு முட்டி வலி, இருவருக்கும் நீச்சல் தெரியாது. அதனால் ஆன்டிகுவா வேண்டாம், போர்ட்டோ ரிக்கோ போங்கள் என்றேன். சான் வானில் ஸ்பெயின்காரர்கள் 1539இல் கட்ட ஆரம்பித்த எல் மொரோ கோட்டை இருக்கிறது. நம் கோட்டையும் அதே நூற்றாண்டுதான். நம் கோட்டையை அகழித் தண்ணீர் காக்கிறது, அதை அட்லாண்டிக்கே காக்கிறது, பாறைமேல் ஆறு அடுக்காக ஏறி நிற்கிறது. தினமும் கோட்டை மைதானத்தில் நடக்கிற மாமா அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல் யுன்கே மழைக்காட்டில் கார் போகிற ரோட்டிலேயே அருவி தெரியும். தென்மேற்கே லா பார்கேரா என்ற ஊரில் ராத்திரி மோட்டார் படகில் ஏறினால் போதும், துடுப்புப் போட வேண்டியதில்லை, கையைத் தண்ணீரில் விட்டால் விரல் பட்ட இடமெல்லாம் நீலமாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிரிகள் தண்ணீர் கலங்கும்போது வெளிச்சம் விடுகின்றன. சோறும் பீன்சும் எங்கும் கிடைக்கும், ஆனால் பன்றி இறைச்சி சேர்த்துச் சமைப்பது அங்கே வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றும் சொன்னேன்.

ஒளிர்கிற தண்ணீருக்கு ஒரு நிபந்தனை, நிலா இருக்கக் கூடாது. அக்கா எழுந்து போய் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, வைகாசி அமாவாசை எந்தத் தேதி என்று பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்துப் பேனாவால் கட்டம் போட்டார். அந்தத் தேதிக்குத்தான் டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.